ஒரு பிரசங்கியாரைப் பார்க்கத் தொள்ளாயிரம் கிலோமீற்றர்

சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போவது எப்படி, எங்கே நின்று சாப்பிடலாம், ஒரே நாளில் ஓடி முடிக்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இப்போதைய பாதைக்கு என் புத்திமதி தேவையே இல்லை. போகப் போக ஒரே நேர்ப்பாதை, கொட்டாவிதான் பெரிய ஆபத்து. நான் முதல் தடவை போனது 1977 மே மாதம். அப்போது ஹியூம் நெடுஞ்சாலை என்பது பெயரில்தான் நெடுஞ்சாலை. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் லொறிக்காரரின் தயவு. அந்தப் பயணத்தைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படும் சங்கதி இடையிடையே வரும், பொறுமையாகப் படியுங்கள்.

போனது ஒரு படத்தைப் பார்க்க. வேறு ஒரு வேலையும் இல்லை. கடற்கரை, மிருகக்காட்சிச்சாலை ஒன்றும் பார்க்கவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒல்லாந்து ஓவியர் ஒருவர் செப்புத் தகட்டில் கீறி, கடதாசியில் அச்செடுத்த ஒரு கிழப் பிரசங்கியாரின் படம். உள்ளங்கை இரண்டை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். அதற்காக ஒரு மனுஷன் தொள்ளாயிரம் கிலோமீற்றர் ஓடுவானா என்றால், ஓடினேன். பக்கத்தில் என் அக்காவும் இருந்தாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர் தேவசகாயம் அத்தான் கிழமை நாட்களில் சிட்னியின் மேற்குப் புறநகரான செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் எங்கள் பிரசங்கியார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை இரண்டு கை விரலால் எண்ணிவிடலாம். ஒரு தேவாலய மண்டபத்தைக் கேட்டு வாங்கிக் கூடுவோம். அத்தானுக்கு ஒலிபெருக்கி வேண்டாம், தொண்டையே போதும். முக்கியமான இடம் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து நிற்பார். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட மனுஷன் முந்திய ஆண்டு மே மாதம் வீட்டு வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்தார். அம்புலன்ஸ் வருமுன் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அவருடைய படம் வீட்டில் இல்லை. ஐந்து அல்பம் நிறைய அக்கா இருந்தாள், நான் இருந்தேன், மற்றவர் கலியாணத்துக்கு வந்த ஊர்பேர் தெரியாத சனமெல்லாம் இருந்தது. அத்தான் இல்லை. கமெராக்காரன் அவர்தானே! ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டார், "நீங்கள் தலையை வெட்டிப்போடுவியள்" என்பார். அவர்களுடைய கலியாணப் படம் கப்பலில் அனுப்பிய பெட்டியோடு தொலைந்துபோனது. மிஞ்சியது இரண்டே படம். ஒன்று கொழும்பில் எடுத்த கடவுச்சீட்டுப் படம். அதில் இருப்பவரை அக்காவுக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவு மெலிவு, அவ்வளவு முறைப்பு. மற்றது செத்தவீட்டில் எடுத்தது. பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். வரமுடியாத தாய்க்கு மகனின் கடைசி முகத்தைக் காட்ட வேறு வழி என்ன இருந்தது? ஒரு பிரதியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம், ஒரு பிரதி அக்காவிடம் நின்றுவிட்டது.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு நாள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள் கேத்தலை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, கண்ணை மூடினா அந்தப் பெட்டிக்குள்ள கிடந்த முகம்தான் வருதடா. பதினெட்டு வருசம் பக்கத்திலை இருந்து பாத்த முகம் எங்கை போச்சுது? எவ்வளவு யோசிச்சும் வரேல்லை."

நான் யந்திரப் பாகங்களைத் தாளில் வரையும் படவரைஞன். பென்சிலும் அளவுகோலும்தான் என் சோறு. 'இவ்வளவுதானே, நான் கீறித் தாறன்' என்று சொல்லிவிட்டேன். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு மேசையில் வைக்க ஒரு படமும் வேண்டியிருந்தது. செத்தவீட்டுப் படத்தைக் கட்டம் போட்டுப் பெருப்பித்து, மூக்கு நீளம், நெற்றி அகலம் எல்லாம் மயிரிழை பிசகாமல் எடுத்து, மூடிய கண்ணைத் திறந்து வைத்தேன். அக்கா அதை ஒரு தரம் பார்த்தாள். சட்டத்தைத் திருப்பி முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

"உதைக் கொண்டு போ. நீ அவரை எழுப்பேல்லை. கண்ணை மட்டும் திறந்து விட்டிருக்கிறாய்."

இரண்டாவது தரமும் கீறினேன், மூன்றாவது தரமும் கீறினேன். சிரிக்க வைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம். எனக்கு ஒரு குணம் இருக்கிறது, செய்ய முடியாது என்றால் சாப்பாடு இறங்காது. அக்காவோ கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன். நூலகத்தில் முகம் வரையும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து படித்தேன். அப்படி ஒரு புத்தகத்தில்தான் ஒல்லாந்துப் பிரசங்கியாரின் படம் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கீழே எழுதியிருந்த சங்கதியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பிரசங்கியார் இறந்து பல வருஷத்துக்குப் பிறகு கீறிய படமாம். ஓவியருக்குச் சொந்தக்காரர் முறையாம். அச்சுப் பிரதி ஒன்று மெல்பேர்ண் கலைக்கூடத்தில் இருப்பதாகவும் போட்டிருந்தது.

செத்தவரை உயிரோடு கீறிய ஒருத்தர்! நான் கலைக்கூடத்துக்கு ட்ரங்க் கோல் எடுத்துப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

அக்காவிடம் சொன்னபோது, "ஒரு கடதாசியைப் பாக்க மெல்பேர்ணுக்கோ? உனக்கு விசரே?" என்றாள். அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நான் காரை வெளியே எடுத்தபோது, கோட்டுப் போட்டு, கைப்பையும் சாப்பாட்டுக் கூடையுமாக வாசலில் நின்றாள். "தனியப் போய் நித்திரை தூங்கி லொறிக்குள்ள விட்டிடுவாய்" என்று மட்டும் சொன்னாள்.

பழைய ஸ்டேஷன் வாகன், மணிக்கு எண்பது கிலோமீற்றரைத் தாண்டினால் முனகும். வேகமானி மைலில், வீதிப்பலகை கிலோமீற்றரில், அப்போதுதான் நாடு மைலை விட்டுக் கிலோமீற்றருக்கு மாறியிருந்த காலம். போகிற வழியெல்லாம் பெருக்கல் கணக்குத்தான். கோல்பேர்ணில் எட்டரை மணிக்குத் தேத்தண்ணி. யாஸ் தாண்டிய பிறகு லொறிகளுக்குப் பின்னால் ஊர்வலம். குண்டகாயில் ஆற்றங்கரை மரத்தின் கீழ் மத்தியானச் சாப்பாடு, தகரத்தில் வரும் ரின்மீனைக் குழம்பாக்கிப் பாண் துண்டுகளுக்குள் வைத்து அக்கா கட்டியது. வழியில் கடைச்சாப்பாடு நம்பிப் போகாதீர்கள் என்று அன்று எழுதியிருப்பேன். இன்று எல்லாம் கிடைக்கிறது, ஆனாலும் ரின்மீன் பாணுக்கு நிகரில்லை.

ஹோல்புரூக்குக்கு இந்தப் பக்கம் பாதை திருத்திக் கல் கொட்டியிருந்தார்கள். எதிரே வந்த லொறியின் சில்லில் இருந்து ஒரு கல் பறந்து வந்தது. "படார்!" முன்கண்ணாடி முழுவதும் ஒரு நொடியில் பால்போல வெளுத்துவிட்டது. அந்தக் காலத்துக் கண்ணாடி அப்படித்தான், ஒரு கல் பட்டால் முழுவதும் நொறுங்கும். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கைமுட்டியைத் துவாயால் சுற்றி ஒரு குத்துவிட்டு ஓட்டை போட்டு, காரை ஓரத்தில் நிறுத்தினேன். மடி முழுவதும் கண்ணாடித் தூள்.

"திரும்புவமோ?" என்றாள் அக்கா.

"முன்னுக்குப் போனாலும் காத்து, பின்னுக்குப் போனாலும் காத்து. பிறகேன் பின்னுக்கு?"

அவள் சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்தாள். மே மாதக் குளிர் காற்று முகத்தில் அறைய, எழுபது கிலோமீற்றருக்கு மேல் அப்படியே ஓடினோம். பேசினால் வாய்க்குள் காற்றுப் போகிறது. எனக்குக் கண்ணீர் வழிந்தது, மூக்கும் வழிந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் சால்வைக்குள் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள்! ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அல்பரியில் ஒரு கராஜில் மாற்றுக் கண்ணாடி இருந்தது. வேலை செய்த பெரியவர், "அவசரமாக எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மனைவி என்னைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக இருபது வருஷமாகப் பாடுபடுகிறாள், தெருமுனையில்தான் இருக்கிறது" என்றார். இரண்டு மணித்தியாலத்தில் கண்ணாடி போட்டுத் தந்தார். மறே ஆற்றைக் கடந்து, வங்கரட்டா, சீமோர் வழியாக மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங் போய்ச் சேர இரவு ஒன்பதாகிவிட்டது.

அங்கே தங்கியது டேனியல் வீட்டில். திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலைப் பொறியாளர், எங்கள் சபைக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தவர். முன்பின் பார்த்ததில்லை. தமிழன் என்ற ஒன்றே அப்போது உறவுக்குப் போதும்.

"கண்ணாடி இல்லாமலா ஓட்டிட்டு வந்தீய? நல்லாருக்கு போங்க!" என்று தலையில் கைவைத்தார். சுடச்சுடச் சோறு போட்டு, வந்த காரணத்தையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. அங்க அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லையே. சுவர்ல எல்லாம் பெரிய பெரிய எண்ணெய் ஓவியமால்லா மாட்டியிருக்கான்" என்றார்.

"இருக்குது எண்டு ரெலிபோனிலை சொன்னவங்கள்" என்று நான் வீம்பாகச் சொன்னேன். ஆனாலும் நித்திரை சரியாக வரவில்லை.

மறுநாள் டண்டினொங்கில் ரயில் ஏறி, ஃபிளிண்டர்ஸ் வீதி நிலையத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்து நடந்தோம். கலைக்கூடத்துக்குள் பத்தரை மணிக்குப் போனவர்கள் ஒவ்வொரு அறையாகச் சுற்றினோம். ராசா, ராணி, குதிரை, பழக்கூடை எல்லாம் இருந்தன. பிரசங்கியார் இல்லை. காவலாளியிடம் கேட்டால், அச்சுப்படங்கள் சுவரில் மாட்டுவதில்லை, வெளிச்சம் பட்டால் கடதாசி பழுதாகும், தனி அறையில் பெட்டிகளில் இருக்கும் என்றார். இதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி. எனக்கு எப்படி அது தோன்றும்? எங்கள் வீடுகளில் செத்தவர் படம் என்றால் முன்விறாந்தைச் சுவரில் தொங்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான். படத்தைக் கீறிவிட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் சாதி உலகத்தில் இருக்கிறது என்று யார் கண்டது?

அந்த அறையைத் தேடிப் பிடித்தோம். பொறுப்பாக ஒரு பெண்மணி இருந்தார், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. பண்பாகத்தான் பேசினார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். இன்று ஆட்கள் பதிந்திருக்கிறார்கள், தான் ஒருத்தி மட்டும். செவ்வாய்க்கிழமை வரலாமா? நான் சனிக்கிழமை திரும்ப வேண்டும், திங்கள் வேலை, அடுத்த ஞாயிறு ஆராதனை என்று சொன்னேன். வருந்துகிறேன் என்றார். நியாயம் அவர் பக்கம், எரிச்சல் என் பக்கம். அக்காவுக்கு மொழிபெயர்த்துவிட்டு, "சரி, வா போவம்" என்றேன்.

அக்கா அசையவில்லை. வாசலோரம் கிடந்த கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவசரமில்லை. கதிரை இருக்குதுதானே."

"அக்கா, ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்."

"ஏலாது எண்டவ வீட்டை போகேக்கை கதவைப் பூட்டத்தானே வேணும். அதுவரைக்கும் இருப்பம். காத்துக்குள்ள முகத்தைக் குடுத்து வந்தனான் நான்."

நேற்று வரை ஒரு கடதாசி என்றவள்! நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் போயிற்று. அந்தப் பெண்மணி போகும்போதும் வரும்போதும் எங்களைப் பார்த்தார், அக்கா ஒவ்வொரு தரமும் மரியாதையாகத் தலையசைத்தாள். இரண்டு மணிக்குப் பிறகு உள்ளே இருந்த மாணவர்கள் வெளியேறினார்கள். அவர் நேராக வந்து என்னிடம் கேட்டார்: இவ்வளவு படங்கள் இருக்க, ஏன் அந்த ஒன்று?

நான் ஆங்கிலத்தில் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து, அதிலிருந்த செத்தவீட்டுப் படத்தை அவர் கையில் வைத்தாள்.

"இது என்ர மனுசன் எண்டு சொல்லு. இதைவிட வேறை முகம் எனக்கு ஞாபகமில்லை எண்டு சொல்லு. அந்த ஓவியர் என்ன செய்தவர் எண்டு பாக்க வந்தனாங்கள்."

சொன்னேன். பெட்டியைச் சுற்றி நாங்கள் நின்று கமெராவைப் பார்க்கும் அந்தப் படத்தை அந்த வெள்ளைக்காரப் பெண்மணி வெகுநேரம் பார்த்தார். திகைத்துத்தான் போனார், முகத்தில் தெரிந்தது. பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, கை கழுவும் இடத்தைக் காட்டினார்.

கை கழுவித் துடைத்துக்கொண்டு போனோம். பேனா கூடாது, பென்சில் மட்டும். பைகள் வெளியே. அக்கா உறையை மட்டும் கையோடு கொண்டுவந்தாள், உள்ளே காலெடுத்து வைக்கும்போது பழக்கதோஷத்தில் சப்பாத்தையும் கழற்றிவிட்டாள். பெண்மணி கறுத்த பெட்டி ஒன்றைத் திறந்து, மட்டையில் பொருத்திய தாளை இரண்டு கையாலும் தூக்கி எங்கள் முன்னால் வைத்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு, மை தடவி அழுத்தி எடுப்பது இந்த முறை என்று விளக்கினார்.

படத்திலேயே நீள்வட்டமாகக் கீறிய சட்டம், அதைச் சுற்றி லத்தீன் எழுத்து. உள்ளே தாடிக்காரக் கிழவர், தலையோடு ஒட்டிய தொப்பி, ஒரு கையில் புத்தகம். வாசித்த பக்கம் தவறாமல் இருக்க விரலை உள்ளே வைத்திருக்கிறார். மற்றக் கையை முன்னால் நீட்டி எதையோ சொல்கிறார், வாய் பாதி திறந்திருக்கிறது. நான் வந்த வேலையை ஆரம்பித்தேன். கண்ணை எப்படித் திறந்திருக்கிறார் என்று பார்த்தேன். பெரிதாகத் திறக்கவேயில்லை! நிழலுக்குள் இரண்டு சின்னக் கீறல். நான் மூன்று தரம் மாரடித்த இடத்தை அந்த மனுஷன் இரண்டு கீறலோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்னே உயிர் எங்கிருந்து வருகிறது? பென்சிலால் அளந்தேன், குறித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"தம்பி, அளக்கிறதை விடு. உந்தக் கையைப் பார்" என்றாள் அக்கா.

நீட்டிய கை சட்டத்துக்குள் நிற்கவில்லை. வெளியே வந்திருந்தது. வெறுமனே வந்ததோடு நிற்காமல், சட்டத்தின் மேலும் அதற்கு அப்பால் வெள்ளைத் தாளின் மேலும் அதன் நிழல் விழுந்திருந்தது. கிழவர் ஜன்னலால் எட்டி எங்கள் மேசைக்கு மேல் கையை நீட்டுகிற மாதிரி. செத்து வருஷக்கணக்கான மனுஷனுக்கு ஓவியர் வெளிச்சம் பிடித்து, நிழல் விழவைத்திருக்கிறார்.

"நிழல்" என்றாள் அக்கா. குரல் மாறிவிட்டது. உறைக்குள் விரலை விட்டு இன்னொரு படத்தை இழுத்தாள்.

அத்தான் இறப்பதற்கு ஒரு மாதம் முன் நாங்கள் ஹெலன்ஸ்பர்க் தாண்டிக் கடற்கரைக்குப் போனபோது எடுத்தது, அவர் எடுத்த கடைசிப் படம் என்று அக்கா அதையும் உறைக்குள் வைத்திருந்தாள். (இன்று, அங்கே பின்னால் எழும்பிய கோயிலுக்கு நீங்கள் கூட்டமாகப் போகும் அதே வழி, அன்று வெறும் காடு.) பின்னேர வெயில். கடலுக்கு முதுகு காட்டி அக்கா கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு நன்றாக அமைந்த படம், ஆனால் கீழ்ப்பாதியில் கமெராக்காரனின் நிழல் நீளமாக விழுந்து அவள் காலடி வரை வந்திருக்கும். அத்தான் வெயிலுக்கு முதுகைக் கொடுத்தே எடுப்பார், அதனால் அவர் எடுத்த படங்களில் பாதிக்கு இதே கதி. கழுவி வந்ததும், "சே, நிழல் விழுந்து பழுதாப் போச்சு" என்று தன்னைத்தானே பேசிக்கொள்வார். நாங்களும் அந்தப் பகுதியைப் பார்க்காமலே பார்க்கப் பழகியிருந்தோம்.

அக்கா அதைப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் வைத்தாள். மணலில் விழுந்த நிழலில் தலை, கமெராவைப் பிடித்த வலது முழங்கை எல்லாம் தெரிந்தன. இடது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"உந்தா நிக்கிறார்" என்றாள். "ஆடாதை, சிரி எண்டு கையைத் தூக்கிறார். அப்ப ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கடிச்சுக்கொண்டுதானடா நிண்டவர். ஓம், நாக்கைக் கடிச்சுக்கொண்டு..."

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். தாளில் கண்ணீர் பட்டுவிடுமோ என்று அந்தப் பெண்மணி பதறிப் பிரசங்கியாரை மெல்ல எடுத்து அப்பால் வைத்தார். வைத்துவிட்டு அக்காவின் தோளில் கைவைத்தபடி நின்றார். ஒரு வருஷமாக நான் பெட்டிக்குள் தேடிய ஆள் அல்பம் முழுக்க எங்கள் காலடியில் நின்றிருக்கிறார்.

சனிக்கிழமை விடிய டண்டினொங்கிலிருந்து புறப்பட்டு இரவே வீடு வந்தோம். கல் ஒன்றும் பறக்கவில்லை. மறுநாள் அக்கா ஐந்து அல்பத்தையும் தரையில் விரித்து, பழுதான படங்களை மட்டும் தேடி எடுத்தாள். கடற்கரைப் படத்தை நான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். "நிழலை வெட்டிவிட்டுப் பெருப்பித்துத் தருகிறேன், அழகாக இருக்கும்" என்றான் கடைக்காரன். "வெட்டினால் காசு தரமாட்டேன்" என்றேன்.

ஆராதனையன்று மண்டப மேசையில் படத்தைச் சட்டம் போட்டு வைத்து, மெழுகுதிரி ஏற்றி, பூமாலையை முன்னால் வைத்தோம். சனம் வந்தது, பார்த்தது, குசுகுசுத்தது. எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் கோபமாக எழும்பி வந்தார்.

"என்ன பிள்ளை இது அநியாயம்! செத்தது அவன். உயிரோடை இருக்கிற உன்ர படத்துக்கு மாலையோ? ஆராவது கேட்டால் சிரிக்கப்போகினம்."

"அங்கிள், என்னைப் பாக்காதேங்கோ. கீழை பாருங்கோ" என்றாள் அக்கா.

அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். நிமிர நேரம் எடுத்தது. நிமிர்ந்தவர் பின்னால் திரும்பி, இன்னும் குசுகுசுத்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்து, "சத்தம் போடாதேங்கோ. அவன் கையைத் தூக்கிப்போட்டான்" என்றார். ஒருத்தர் ஒருத்தராக வந்து குனிந்து பார்த்தார்கள். மண்டபம் அப்படியே அடங்கிப்போயிற்று. அன்றைக்குப் பிரசங்கம் செய்ய ஆளில்லை, வேண்டியிருக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவிடம் கேட்டேன், இப்போது கண்ணை மூடினால் எந்த முகம் வருகிறது என்று. காரிலேயே கண்ணை மூடிப் பார்த்தாள். "நாக்கைக் கடிக்கிறார்" என்றாள்.

இனி, போகிறவர்களுக்கு. ஒரே நாளில் ஓடுவதென்றால் விடிய முன் புறப்படுங்கள், இரண்டு பேர் மாறி ஓட்டுங்கள், அல்பரியில் கட்டாயம் இறங்கிக் காலை நீட்டுங்கள். மெல்பேர்ணில் பழைய அச்சுப்படம் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், சுவரில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெட்டிக்குள் இருப்பதை எடுத்துக் காட்டத்தான் அவர்கள் இருக்கிறார்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். கைகளைக் கழுவுங்கள், பென்சில் கொண்டுபோங்கள்.

வழியில் படம் எடுப்பீர்கள். இப்போதைய போன்களில் வேண்டாத நிழலை விரலால் தடவி அழித்துவிடலாமாம், நேற்று ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். பின்னேர வெயிலில் உங்கள் வீட்டுக்காரர் எடுத்த படத்தில் அவருடைய நிழல் உங்கள் காலடியில் விழுந்திருந்தால், தயவுசெய்து அழிக்காதீர்கள்.